பழைய த்ரீடிஆர் சோலோ ட்ரோன் 60 டாலருக்கு வருகிறது: வாங்கலாமா? ஆப் இல்லாமல் பறக்குமா?

செந்தில் (எடிசன், நியூஜெர்சி):

எல்லோருக்கும் வணக்கம். என்னுடன் வேலை பார்ப்பவர் வீட்டைக் காலி செய்துகொண்டு டெக்சாஸ் போகிறார். அவருடைய கராஜில் பல வருடமாகக் கிடந்த த்ரீடிஆர் சோலோ ட்ரோனை 60 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். ரிமோட், இரண்டு பேட்டரி, கிம்பல் (கேமரா ஆடாமல் தாங்கும் கருவி), கோப்ரோ ஹீரோ 4 சில்வர் கேமரா, முதுகுப் பை எல்லாம் அதில் அடக்கம். பையில் 2015-ஆம் வருட ரசீது இருக்கிறது. ட்ரோனுக்கு மட்டும் 999.95 டாலர், கிம்பலுக்குத் தனியாக 400 டாலர் கொடுத்திருக்கிறார். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கையில் கொடுத்துவிட்டார்.

இப்போதைய நிலைமை இதுதான். ரிமோட் ஆன் ஆகிறது. அதற்கான ஆப்பை என் ஆண்ட்ராய்டு போனில் தேடினால் கிடைக்கவில்லை. ரிமோட்டின் வைஃபை போனில் தெரிகிறது, இணைந்தும் விடுகிறது, ஆனால் அரை நிமிடத்தில் தானாகவே துண்டிக்கிறது. ஒரு பேட்டரியின் பட்டனை அழுத்தினால் விளக்குகள் எரிகின்றன. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை, அதை ட்ரோனுக்குள் தள்ளவும் கஷ்டமாக இருக்கிறது.

ஜனவரியில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விளையாட்டு விழாவை மேலிருந்து படம் எடுக்கலாம் என்று ஆசை. 1,400 டாலர் பொருள் 60 டாலருக்கு வருகிறது என்றால் ஏதாவது வில்லங்கம் இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணிவண்ணன் (சான் ஹோசே):

செந்தில், முதலில் பேட்டரி. விளக்கு எரியாத அந்த இரண்டாவதைச் சார்ஜரில் போடவே போடாதீர்கள். சமமான மேசையில் படுக்க வைத்து, ஒரு மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் உள்ளே செல்கள் உப்பிவிட்டன என்று அர்த்தம். ட்ரோனுக்குள் நுழைய மறுப்பதும் அதனால்தான் இருக்கும். லித்தியம் பேட்டரியை வருடக்கணக்கில் சும்மா போட்டு வைத்தால் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இப்படித்தான் ஆகும். அதை வீட்டுக்கு வெளியே, தீப்பிடிக்காத இடத்தில் வையுங்கள். நல்ல பேட்டரியையும் ஆள் பக்கத்தில் இருக்கும்போதே சார்ஜ் செய்யுங்கள்.

வைஃபை துண்டிப்பது கோளாறு இல்லை. ரிமோட்டின் வைஃபையில் இணையம் கிடையாது. உங்கள் போன் அதைக் கவனித்துவிட்டு, 'இது வேலைக்கு ஆகாது' என்று மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு இணையுங்கள். இணையம் இல்லை, இதிலேயே இருக்கவா என்று போன் கேட்டால் 'ஆம்' கொடுங்கள்.

ஆப்புக்காக அலைய வேண்டாம். விண்டோஸ் லேப்டாப்பில் மிஷன் பிளானர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, லேப்டாப்பை ரிமோட்டின் வைஃபையில் இணைத்து, யுடிபி 14550 போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். ட்ரோனின் சாய்வு, பேட்டரி வோல்டேஜ், ஜிபிஎஸ் எல்லாம் திரையில் வந்துவிடும். ஒரு முக்கியமான விஷயம்: இதையெல்லாம் செய்து முடிக்கும்வரை நான்கு இறக்கைகளையும் கழற்றி வைத்துவிடுங்கள். மேசை மேல் மோட்டார் தெரியாமல் சுற்றினால் விரல் போய்விடும்.

அமுதா (ஆஸ்டின்):

மணி அண்ணா சொன்னதைச் செய்யுங்கள். விலை ஏன் இப்படி விழுந்தது என்று கேட்டீர்களே, அதற்கு நான் பதில் சொல்கிறேன். சோலோவில் வில்லங்கம் எதுவும் இல்லை. அது ஒரு விலைப் போரில் தோற்ற பொருள்.

சீனக் கம்பெனியான டிஜேஐயின் முதல் ஃபேன்டம் ட்ரோன் 2013 ஜனவரியில் 679 டாலருக்கு வந்தது. அதில் கேமராவே கிடையாது, நம் கோப்ரோவைத்தான் மாட்ட வேண்டும். அந்தக் காலத்தில் பல ட்ரோன் கம்பெனிகள் பறக்கும் பகுதியை மட்டும் செய்தன, கேமராவுக்கு கோப்ரோவை நம்பின. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த த்ரீடிஆரும் அந்த வழியில்தான் போனது. வயர்ட் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த கிறிஸ் ஆண்டர்சன், ஜோர்டி முனியோஸுடன் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது.

2015 ஏப்ரலில் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. 8-ஆம் தேதி டிஜேஐயின் ஃபேன்டம் 3, 13-ஆம் தேதி சோலோ. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சோலோ 1,000, கிம்பல் 400, கோப்ரோ ஹீரோ 4 பிளாக் 500. ஆக 1,900 டாலர். ஃபேன்டம் 3 புரொஃபெஷனலில் 4கே கேமராவும் கிம்பலும் சேர்ந்தே வந்தன, விலை 1,259 டாலர். கடைக்கு வருகிறவர் எதை எடுப்பார்?

இந்த 600 டாலர் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். டிஜேஐ ஷென்சென்னில் கேமரா, கிம்பல், பறப்பைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட், வீடியோவை அனுப்பும் ரேடியோ எல்லாவற்றையும் தானே செய்தது. லாபம் ஒரே ஒரு இடத்தில்தான் வைக்க வேண்டும். சோலோவை வாங்குகிறவர் த்ரீடிஆருக்கு ஒரு லாபம், கோப்ரோவுக்கு இன்னொரு லாபம் கொடுக்க வேண்டியிருந்தது. அதோடு டிஜேஐ நிற்கவில்லை. ஆகஸ்டிலேயே ஃபேன்டம் 3 ஸ்டாண்டர்டை 799 டாலருக்கு இறக்கியது. அடுத்த வருடம் ஃபேன்டம் 4 வந்ததும் அதே ஸ்டாண்டர்ட் 499 டாலர் ஆனது. கேமரா இல்லாத சோலோவில் பாதி விலைக்குக் கேமராவோடு ஒரு முழு ட்ரோன்! சோலோ சரக்கு தேங்கியது, விலை சரிந்துகொண்டே போனது. 2016 அக்டோபரில் த்ரீடிஆர் நுகர்வோர் ட்ரோன் தொழிலை விட்டு, கட்டுமானத் தளங்களுக்கான மென்பொருள் பக்கம் போய்விட்டது. உங்களுக்கு ஆப் கிடைக்காததற்குக் காரணமும் அதுதான்.

கோப்ரோவின் கதை இன்னும் வேதனையானது. தானே ட்ரோன் செய்கிறேன் என்று 2016 செப்டம்பரில் கார்மாவை அறிவித்தது. கேமரா இல்லாமல் 799, ஹீரோ 5 பிளாக்கோடு 1,099 டாலர். சரியாக அடுத்த வாரம் டிஜேஐ மேவிக் புரோவைக் காட்டியது. கேமராவும் ரிமோட்டும் சேர்த்து 999 டாலர், மடித்தால் தண்ணீர் பாட்டில் அளவு. நவம்பரில், பறக்கும்போதே மின்சாரம் துண்டிக்கும் பிரச்சினையால் சுமார் 2,500 கார்மாக்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2018 ஜனவரியில் கடும் போட்டியைக் காரணம் காட்டி, ஆட்களையும் குறைத்துக்கொண்டு ட்ரோனை விட்டே விலகியது. இடையில் 2017 ஜனவரியில் பிரான்சின் பேரட் தன் ட்ரோன் பிரிவில் 290 பேரைக் குறைத்தது. அதே மாதம் லில்லி என்ற கம்பெனி, 3.4 கோடி டாலருக்கு முன்பதிவு வாங்கியிருந்தும் ஒரு ட்ரோனைக்கூட வாடிக்கையாளருக்கு அனுப்பாமல் மூடிவிட்டது.

சோலோ மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ட்ரோனில் ஒன்று, ரிமோட்டில் ஒன்று என்று இரண்டு லினக்ஸ் கணினிகள். பறக்க வைப்பது ஆர்டுபைலட் என்ற, யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். கம்பெனி போன பிறகும் ஆர்வலர்கள் ஓப்பன் சோலோ என்று அதன் உள் மென்பொருளை (ஃபர்ம்வேர்) தொடர்ந்து எழுதினார்கள். அதனால்தான் மணி அண்ணா உங்களுக்கு ஒரு வழி சொல்ல முடிகிறது. மூடிய மென்பொருளை வைத்திருந்த கம்பெனி ஒன்று விலகியிருந்தால், உங்கள் கையில் இப்போது வெறும் பிளாஸ்டிக்தான் மிஞ்சியிருக்கும். பழைய ட்ரோன் எதை வாங்கினாலும் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

செந்தில் (எடிசன்):

மணி அண்ணா, அமுதா, மிக்க நன்றி! மொபைல் டேட்டாவை அணைத்ததும் வைஃபை துண்டிக்காமல் நிலைத்துவிட்டது. லேப்டாப்பில் மிஷன் பிளானரும் இணைந்துவிட்டது. ட்ரோனைக் கையில் தூக்கிச் சாய்த்தால் திரையில் அடிவானமும் சேர்ந்து சாய்கிறது, என் பையன் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. இரண்டாவது பேட்டரி நீங்கள் சொன்னது போலவே மேசையில் ஆடுகிறது, அதை வெளியே மண்தொட்டியில் வைத்திருக்கிறேன்.

ஜிபிஎஸ் மட்டும் பூஜ்யம் காட்டுகிறது. அதுவும் போய்விட்டதா?

மணிவண்ணன் (சான் ஹோசே):

வீட்டுக்குள் வைத்துப் பார்த்திருப்பீர்கள். வெளியே, மரம், கட்டடம் இல்லாத இடத்தில் வையுங்கள். வருடக்கணக்கில் அணைந்து கிடந்த ஜிபிஎஸ்ஸுக்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பழசாகிப் போயிருக்கும். அதை முழுதாக இறக்க மட்டும் 12.5 நிமிடம் ஆகும். கால் மணி நேரம் பொறுமையாக விடுங்கள். அப்புறம் அங்கேயே காம்பஸை மறுபடி சரிசெய்யுங்கள். பாக்கெட்டில் சாவி, போன் வேண்டாம், காருக்குப் பக்கத்திலும் நிற்காதீர்கள்.

இறக்கையை மாட்டும்போது, மேலே கறுப்பு நிறம் இருப்பதைக் கறுப்பு அடையாளமிட்ட மோட்டாரில், வெள்ளி நிறத்தை வெள்ளியில். மாற்றி மாட்டினால் கிளம்பும்போதே கவிழும்.

கார்த்திகா (சிகாகோ):

நான் பகுதி 107 உரிமம் (பொழுதுபோக்கு அல்லாத ட்ரோன் பறப்புக்கான அமெரிக்க உரிமம்) வைத்துப் பறக்கவிடுகிறவள். செந்தில், பொங்கல் விழா யோசனையை இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கேமராவோடு சோலோ கிட்டத்தட்ட 1.8 கிலோ. பேட்டரி பத்து வருடப் பழசு. அதைக் குழந்தைகள் தலைக்கு மேல் கொண்டுபோகவே கூடாது.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. பள்ளிக்காகக் காசு வாங்காமல் படம் எடுத்தாலும், லாப நோக்கமில்லாத அமைப்புக்குச் செய்யும் உதவியை எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பொழுதுபோக்காகக் கருதாது. அதற்குப் பகுதி 107 உரிமம் வேண்டும். வெறும் பொழுதுபோக்குக்கு என்றாலும் டிரஸ்ட் என்ற இலவசத் தேர்வை எழுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், 250 கிராமுக்கு மேல் என்பதால் 5 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். 400 அடிக்கு மேல் போகக் கூடாது. உங்கள் பக்கம் நெவார்க் விமான நிலையம் இருப்பதால் ஒவ்வொரு முறையும் வான்பரப்பைச் சரிபாருங்கள். சோலோவில் ரிமோட் ஐடி, அதாவது பறக்கும்போது தன் அடையாளத்தையும் இடத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் வசதி, கிடையாது. தனி மாட்யூல் வாங்கி ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் எஃப்ஏஏ அனுமதித்த பறப்புத் திடல்களில் மட்டும்தான் விடலாம். மாட்யூல், புது பேட்டரி இரண்டையும் கூட்டினால் உங்கள் 60 டாலர் எங்கேயோ போய்விடும்.

அமுதா சொன்ன விலைப் போரின் மறுபக்கத்தையும் பாருங்கள். 2019 அக்டோபரில் டிஜேஐயின் மேவிக் மினி 249 கிராமில், 399 டாலருக்கு வந்தது. 2024-இல் மினி 4கே 299, நியோ 199 டாலருக்கு வந்தன. படம்தான் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் போங்கள் என்பதுதான் என் கருத்து.

அமுதா (ஆஸ்டின்):

கார்த்திகா அக்கா சொன்ன பாதுகாப்பு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தக் குறைந்த விலைகள் அப்படியே நிற்கும் என்று நினைக்க வேண்டாம். போட்டியாளர்கள் போய்விட்டார்கள். இங்கே நம்பிக்கை தந்த அமெரிக்கக் கம்பெனி ஸ்கைடியோகூட 2023 ஆகஸ்டில் நுகர்வோர் ட்ரோனை விட்டுவிட்டது. 2025 டிசம்பரில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி வெளிநாட்டு ட்ரோன்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே அனுமதி பெற்ற மாடல்களை விற்கலாம், பறக்கவிடலாம், புது மாடல்களுக்குப் பொதுவாக அனுமதி கிடைக்காது. அதனால் கடையில் இருக்கும் விலையை அன்றன்றைக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ரவி (மதுரை):

நடுவில் ஒரு கேள்வி. என் அண்ணன் அட்லாண்டாவில் இருக்கிறார். அங்கே 300 டாலருக்குக் கிடைப்பது இங்கே வெளிச்சந்தையில் ரொம்ப அதிகம். அடுத்த முறை வரும்போது ஒன்று கொண்டுவரச் சொல்லலாமா?

கார்த்திகா (சிகாகோ):

வேண்டாம் தம்பி. 2022 பிப்ரவரி 9 முதல் இந்தியாவுக்குள் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. முழு ட்ரோனாக இருந்தாலும் சரி, பிரித்து எடுத்து வந்தாலும் சரி. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சிக்கு மட்டும் அனுமதியோடு விதிவிலக்கு. விமான நிலையத்தில் சுங்கத்துறை எடுத்துக்கொண்டால் அண்ணனுக்குத்தான் சிரமம். உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை, அதனால் அங்கேயே தயாராகும் ட்ரோன்களைப் பாருங்கள்.

செந்தில் (எடிசன்):

கடைசி நிலவரம். மைதானத்தில் வைத்ததும் கொஞ்ச நேரத்தில் செயற்கைக்கோள்கள் வரிசையாக ஏறின, இப்போது 11 காட்டுகிறது. காம்பஸும் சரி.

வாங்கிக்கொள்கிறேன். ஹீரோ 4 கேமராவும் பையுமே அந்த விலை பெறும். ஆனால் விழாவுக்குக் கொண்டுபோகப் போவதில்லை. பள்ளியில் உரிமம் வைத்திருக்கும் பெற்றோர் ஒருவர் இருக்கிறாராம், அவரிடம் கேட்கச் சொல்லிவிட்டேன். சோலோ எனக்கும் பையனுக்கும் ஆர்டுபைலட் கற்றுக்கொள்ள. டிரஸ்ட் தேர்வை இன்று இரவே எழுதுகிறேன். பக்கத்தில் அனுமதித்த பறப்புத் திடல் இருக்கிறதா என்றும் தேடுகிறேன்.

உப்பிய பேட்டரியை எங்கே கொடுப்பது? குப்பையில் போடலாமா?

மணிவண்ணன் (சான் ஹோசே):

கூடவே கூடாது, குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். கடைகளில் இருக்கும் பேட்டரி மறுசுழற்சிப் பெட்டியிலும் உப்பியதைப் போடாதீர்கள். உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு சேகரிப்பு நாள் எப்போது என்று கூப்பிட்டுக் கேளுங்கள், 'உப்பிய லித்தியம் பேட்டரி' என்று சொல்லியே கேளுங்கள். அதுவரை அதன் முனைகளில் டேப் ஒட்டி, அதே மண்தொட்டியில் இருக்கட்டும்.