குரல் நிண்டிட்டுது, ஆனா தம்பி எழும்பிறான் இல்லை: கோண்டாவில் பக்கம் உதவி தேவை

தம்பிக்கு 29 வயது. 2021 இல ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) எண்டு சொன்னவை. ஒலான்சபின் 10 மில்லிகிராம், இரவில. குளிசை ஒழுங்காப் போடுறான், காதில கேட்ட குரலும் இப்ப இல்லை. பிரச்சினை அண்டாட வாழ்க்கைதான். சொல்லாட்டிக் குளிக்க மாட்டான். தேங்காயும் தீப்பெட்டியும் வாங்கிவா எண்டு விட்டால், கடை வாசலில நிண்டுபோட்டு வெறுங்கையோட வாறான்; என்ன வாங்க வந்தனான் எண்டது மறந்துபோகுதாம். சனம் சோம்பேறி எண்டு கதைக்குது, அதைக் கேட்டால் எனக்குப் பத்தி எரியுது.

டொக்டர் சொன்னவர், ஊக்கம் குறையிறதும் ஞாபகம், திட்டமிடுறது தடுமாறுறதும் வருத்தத்தின்ர பகுதிதானாம். குளிசை குரலைக் குறைக்கிற அளவுக்கு இதுகளைக் குறைக்காதாம். அவரைக் கேட்டு, குளிசையை முன்னிரவுக்கு மாத்தினம். காலமைத் தூக்கம் குறைஞ்சுது, வேறொண்டும் மாறேல்லை. சுவரில நேர அட்டவணை ஒட்டினன், கொஞ்ச நாள் பாத்தான், பிறகு விட்டிட்டான். தெரிஞ்ச கராஜ் ஒண்டில விட்டம். சத்தமும் அவசரமும் ஒத்துவரேல்லை. அம்மா ஏசினால் இன்னும் சுருண்டு படுக்கிறான், அதை நிப்பாட்டியாச்சு.

யாழ்ப்பாணத்துக்குள்ள, இப்பிடியான ஆக்களுக்கு அண்டாட வேலையளைப் படிப்படியாப் பழக்கிற தொழில்வழிச் சிகிச்சையோ பகல்நேர நிலையமோ எங்க இருக்கு?