‘டிப்யூட்’, ‘டெலிகேட்’: அலுவலகக் கடிதத்தில் எதை எழுதுவது?

கேள்வி – தண்டையார்பேட்டை வாசகர்

ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுசை ஒட்டியுள்ள ஒரு கிளியரிங் அலுவலகத்தில் (சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் சுங்கத் தரகர் அலுவலகம்) கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறேன். முதலாளி வெளியூர் சென்றிருக்கும் நாட்களில், மணலி, மாதவரம் பக்கம் உள்ள கன்டெய்னர் யார்டுகளில் நடக்கும் சரக்குப் பரிசோதனைக்கு எங்கள் ஊழியர் ஒருவரை அனுப்ப நேர்கிறது. அதற்கான கடிதத்தில் இதுவரை ‘டிப்யூட்’ என்றே எழுதி வந்தோம். புதிதாக வந்துள்ள மேலாளரோ, அது பழைய சர்க்கார் ஆங்கிலம், ‘டெலிகேட்’ என்றுதான் எழுத வேண்டும் என்கிறார். ‘டெபுடைஸ்’ என்று எழுதலாமே என்று இன்னொருவர் சொல்லிக் குழப்பிவிட்டார். எது சரி?

பதில் – ஆங்கில ஆசிரியர், பெரம்பூர்

உங்கள் பழைய சொல்லே பொருத்தமானது. ‘டிப்யூட்’ பெரும்பாலும் ஆளைச் செயப்படுபொருளாகக் கொள்ளும்: இன்னாரை, இன்ன வேலைக்காக, நம் சார்பில் அனுப்புகிறோம். ‘டெலிகேட்’ என்பதற்கு அதிகாரமோ வேலையோ செயப்படுபொருளாக வருவதும், பெறுபவரின் பெயர் ‘டு’ என்பதற்குப் பின்னால் வருவதும் வழக்கம். ஆளை ‘டெலிகேட்’ செய்ததாக எழுதினாலும் இலக்கணப் பிழையாகாது. ஆயினும் அப்படி எழுதிய கடிதத்தைப் படிக்கும் அதிகாரி, எந்தெந்த அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தேடத் தொடங்குவார்.

‘டெபுடைஸ்’ வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் வழக்கில் அது ‘ஃபார்’ என்பதுடன் சேர்ந்து, இல்லாத ஒருவருக்குப் பதிலாகத் தாமே நின்று வேலை பார்ப்பதைக் குறிக்கும். அமெரிக்க வழக்கில், ஷெரிஃப் எனப்படும் காவல் அதிகாரி இன்னொருவரைத் தமக்குத் துணையாக நியமிப்பதைக் குறிக்கும். போகிறவரைப் பற்றிய சொல்லா, அனுப்புகிறவரைப் பற்றிய சொல்லா என்பதே ஊருக்கு ஊர் மாறுகிறது.

பதில் – ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், திருவொற்றியூர்

சர்க்கார் ஆங்கிலம் என்று உங்கள் மேலாளர் சொல்வதில் உண்மை உண்டு. அதனாலேயே அது தவறாகிவிடாது. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ‘டிப்யூட்’டை வினையாகவே எழுதுங்கள், ‘ஆன் டெபுடேஷன்’ என்று எழுதிவிடாதீர்கள். ஆசிரியரோ மருத்துவரோ தம் பணியிடத்தை இழக்காமல் வேறோர் இடத்தில் சிறிது காலம் பணியாற்றுவதற்கே நம் அலுவலகங்களில் அந்தப் பெயர். ஆணைகளில் அது மாற்றுப்பணி என்றும், வெளி நிறுவனத்துக்குச் சென்றால் அயற்பணி என்றும் வரும். யார்டில் இருப்பவர், உங்கள் ஊழியர் தற்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார் என்று புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அதே ஊழியர் ஆவணங்களில் கையெழுத்தும் இட வேண்டுமானால், ‘டிப்யூட்’ என்ற ஒரு சொல் போதுமா?

பதில் – சுங்கத் தரகர் அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவர், ராயபுரம்

போதாது. அங்கே ‘ஆத்தரைஸ்’ என்று தனியாக எழுத வேண்டும். அதுவும் எல்லோருக்கும் எழுதிவிட முடியாது. 2018ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம விதிமுறைகளின்படி, பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கானது), ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கானது) ஆகிய சுங்க ஆவணங்களிலுள்ள உறுதிமொழியில் கையெழுத்திட, சுங்கத்துறை தரும் அடையாள அட்டைகளில் எஃப் கார்டோ ஜி கார்டோ வைத்திருக்கும் ஊழியரைத்தான் தரகர் அதிகாரப்படுத்தலாம். உதவியாளருக்கான எச் கார்டு மட்டும் வைத்திருக்கும் தம்பிக்கு எவ்வளவு நயமான ஆங்கிலத்தில் கடிதம் கொடுத்தனுப்பினாலும் அந்தக் கையெழுத்து செல்லாது.

‘டெலிகேட்’ என்ற சொல்லைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. தரகரே இறக்குமதியாளரின் முகவர்தான். தாமே செய்வதாக ஏற்றுக்கொண்ட வேலையை முகவர் இன்னொருவர் தலையில் கட்டக்கூடாது என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 190ஆம் பிரிவு. தொழில் வழக்கமோ வேலையின் தன்மையோ இடம் கொடுத்தால் மட்டுமே விதிவிலக்கு. வாங்கிய அதிகாரத்தை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டீர்களா என்ற கேள்விக்கு நீங்களே இடம் தர வேண்டாம்.

ஆகவே கடிதத்தை இரண்டு வாக்கியங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு அனுப்புவதை ‘டிப்யூட்’ என்று முதல் வாக்கியத்தில் எழுதி, கையெழுத்திட வேண்டிய ஆவணங்களைப் பெயர் சொல்லி ‘ஆத்தரைஸ்’ என்று இரண்டாவதில் எழுதுங்கள். ஊழியரின் கார்டு எண்ணும், கடிதம் எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் கட்டாயம் இருக்கட்டும்.