திராட்சை ஒயினுக்குக் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
கிறிஸ்துமஸுக்கு வருஷாவருஷம் வீட்டில் ஒயின் போடுவேன். போன தடவை ஊறுகாய் இருந்த பிளாஸ்டிக் டப்பாவில் 5 கிலோ பன்னீர் திராட்சை போட்டேன். சோடா உப்பால் 3 முறை கழுவியும் ஒயினில் பூண்டு வாசம். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மனசே கேட்கவில்லை. கண்ணாடி ஜாடி வாங்கலாமா?

கடலூர் முதுநகர்:
வாங்குங்கள் அக்கா. பிளாஸ்டிக்கில் வாசனை ஏறினால் போகாது, கீறலில் கிருமியும் தங்கும். ஜாடிமேல் வெளிச்சம் படாமல் துணி சுற்றுங்கள். மூடியை மட்டும் இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடித்துவிடும்.

லாஸ்பேட்டை:
என்னிடம் இரண்டும் உண்டு. நுரைத்துப் பொங்கும் முதல் வாரத்துக்குப் புது பிளாஸ்டிக் வாளிதான் வசதி. தோல் மேலே மிதந்துகொண்டே இருக்கும், தினமும் கரண்டியால் அமுக்கிவிட அகலமான வாய் வேண்டுமே. உணவுக்கு உகந்த வாளியா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம் வடிகட்டி, கண்ணாடியில் கழுத்துவரை நிரப்புங்கள். பிளாஸ்டிக் வழியே காற்று மெல்ல ஊடுருவும். மாதக்கணக்கில் அதிலேயே வைத்தால் ருசி கெடும்.

முத்தியால்பேட்டை:
சரி, வாளியும் ஜாடியும் இந்த வாரமே வாங்குகிறேன். அந்த டப்பா இனி ஊறுகாய்க்கே.