சுகர் உள்ள பிள்ளையைப் பள்ளி டூருக்கு அனுப்பலாமா?

குடியாத்தம் அம்மா:
என் மகளுக்கு 9 வயது, டைப் 1 சர்க்கரை. வேலூர் சி.எம்.சி.யில் பார்க்கிறோம். தினமும் நாலு இன்சுலின் ஊசி. அதற்கெல்லாம் அழமாட்டாள், போன வாரம்தான் அழுதாள். பள்ளியில் ஏலகிரிக்கு ஒருநாள் டூர். "இவளை மட்டும் விட்டுடுங்கம்மா, ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது" என்றார் மிஸ். பி.டி. பீரியடிலும் மரத்தடியில் உட்காரவைத்து மற்றவர்களின் வாட்டர் பாட்டிலுக்குக் காவல் போடுகிறார்கள். மிஸ்ஸைக் குறை சொல்லவும் முடியவில்லை, அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. நாமே கூட்டிப்போகலாம் என்கிறார் வீட்டுக்காரர். அவளுக்கு நாங்கள் வேண்டாமாம், பஸ்ஸில் கடைசி சீட்தான் வேண்டுமாம்.

காட்பாடிக்காரன்:
வேண்டாம் சிஸ்டர். 14 கொண்டை ஊசி வளைவு. ஊசி போட்டுச் சாப்பிட்டு வாந்தி எடுத்தால் சுகர் இறங்கிவிடுமே, என்ன செய்வீர்கள்?

ராணிப்பேட்டை தம்பி:
அனுப்புங்கள் அக்கா. எனக்கு 8 வயதில் வந்தது, இப்போது 23. என்னை வேலூர் கோட்டைக்குக்கூட அனுப்பவில்லை. அகழி ஓரம் எடுத்த போட்டோ வருஷம் முழுக்க வகுப்பில் தொங்கியது.

அண்ணன் சொன்ன வாந்தி பயம் நியாயம்தான். அன்றைக்கு ஊசி எவ்வளவு, வாந்தி வந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். மிஸ்ஸுக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள்: கை நடுங்கினால், வியர்த்தால், காரணமில்லாமல் சண்டை போட்டால் உடனே சுகர் டெஸ்ட். 70க்குக் கீழே இறங்கியிருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, 108. பக்கத்து சீட் தோழிக்கும் சொல்லிவையுங்கள். எனக்கு சுகர் லோ ஆனால் மிஸ்ஸுக்கு முன்னால் என் பெஞ்ச்காரன்தான் கண்டுபிடிப்பான், "டேய், மூஞ்சி மாறுது" என்பான்.

இன்சுலினை வெயிலில் நிற்கும் பஸ்ஸில் விடவேண்டாம், ஐஸ் மேல் நேராகவும் வைக்கவேண்டாம். ஓடி ஆடிவிட்டு வந்தால் ராத்திரி சுகர் இறங்கும், படுக்கும் முன் பாருங்கள்.

அப்புறம், ஒரு நாள் ஆற்காடு மக்கன் பேடாவும் கேட்பாள். அதற்குத் தகுந்த ஊசியோடு ஒன்று சாப்பிடலாம் என்றார் என் டாக்டர். அம்மா பாதிதான் கொடுத்தார், அது வேறு கதை.

குடியாத்தம் அம்மா:
பேப்பரைக் கொடுத்தேன் தம்பி. மிஸ் இரண்டு முறை படித்துவிட்டு, "மூணு ஸ்பூன்னா டீ ஸ்பூனா, குழம்பு ஊத்துற ஸ்பூனா?" என்று மட்டும் கேட்டார்.

ராணிப்பேட்டை தம்பி:
டீ ஸ்பூன். அந்தக் குழப்பமே வேண்டாம், 15 கிராம் குளுக்கோஸ் பொட்டலம் நாலு கட்டிக் கொடுங்கள். இரண்டு மிஸ்ஸிடம், இரண்டு கடைசி சீட்டில்.