மண்ணெண்ணெய்க் குழாயைக் கழற்றுவதா, விடுவதா: ஒரு ஒஸ்ரின் ஏ40 பற்றிய விவாதம்

ஏ35 வீதிக்காரன் (கிளிநொச்சி):

எங்கள் வீட்டுப் பின்வளவில், நிவாரணத் தகரம் போட்ட கொட்டிலுக்குள், 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சோமசெற் கார் ஒன்று நிற்கிறது. அப்பா அதை வாடகைக்கு ஓட்டியவர். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரையான ஏ35 வீதியில் கலியாணவீடு, செத்தவீடு, பிள்ளைப்பேறு என்று எதற்கும் அந்தக் கார்தான் போய் வந்தது. 2009 தை மாதம் போரில் இடம்பெயர்ந்தபோது விசுவமடுவில் ஒரு புளியமரத்தின் கீழ் அதை விட்டுவிட்டு நடந்தோம். 2011இல் திரும்பி வந்து தேடியபோது, துருவேறிய வாகனக் குவியல் ஒன்றுக்குள், இரண்டு கதவுகளும் இருக்கைகளும் இல்லாமல் அகப்பட்டது. இயந்திரம் இறுகிப்போயிருந்ததால் அதை மட்டும் எவரும் கழற்றவில்லை.

இப்போது உடலையும் சசியையும் (அடிச்சட்டத்தையும்) தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். இந்த இடத்தில்தான் எனக்கு உங்கள் கருத்து வேண்டும். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காததால் அப்பா இந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓடுவதற்கு மாற்றினார். பொனற்றுக்குள் ஒரு லீற்றர் பிடிக்கும் சிறிய பெற்றோல் தாங்கி, டாஷ்போர்டின் கீழ் ஒரு பித்தளைத் திறப்பு, புகைக்குழாயைச் சுற்றி நான்கு முறை வளைத்த செப்புக் குழாய் ஆகியவை இன்னும் இருக்கின்றன. இயந்திரத்தின் தலையை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றியபோது, அதன் கீழ் கசிவைத் தடுக்கப் போடும் பாக்கிங் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு போட்டிருந்ததையும் கண்டேன். டிக்கியின் மூடியிலும் பின்பக்கத் தகட்டிலும் செல் (எறிகணை) துண்டு பட்ட துளைகள் பதினொன்று உள்ளன. இவை எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஆக்குவதுதான் முறையா?

மைனர் ஆயிரம் (வவுனியா):

ஆம், அதுதான் முறை. மீளமைப்பு என்ற சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. 1952 முதல் 1954 வரை மட்டுமே வெளிவந்த கார் அது. உங்கள் கையில் இருப்பது நிலையான சசி இலக்கமும் முதல் இயந்திரமும் உள்ள ஒன்று என்றால், அதில் வெளிக்கை பட்ட ஒவ்வொரு மாற்றமும் அதன் மதிப்பைக் குறைக்கும்.

மதிப்பை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் பார்த்தாலும் முடிவு அதேதான். 1,199 கன சென்ரிமீற்றர் கொண்ட அந்த இயந்திரத்தின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை நெருக்கப்படும் அளவு, ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்த தரம் குறைந்த பெற்றோலுக்கென்றே அப்படி வைத்தார்கள். இன்று நாம் அடிக்கும் 92 ஒக்ரேன் பெற்றோல் அதற்குத் தாராளம். மண்ணெண்ணெய் தட்டாமல் எரிய வேண்டும் என்பதற்காகவே உங்கள் அப்பா இரண்டு பாக்கிங் போட்டு அமுக்கத்தை இன்னும் குறைத்திருக்கிறார். பெற்றோலில் ஓடப்போகும் காருக்கு அது வலுவை வீணாக்கும் ஏற்பாடு. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடித்தாங்கியில் உள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்யும். கிராங்கின் பெயாரிங்குகளைக் கட்டாயம் அளந்து பாருங்கள். தேய்ந்திருக்கும் என்பதே என் எண்ணம்.

மண்ணெண்ணெய் இன்று பழையபடி மலிவும் இல்லை. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியதை நாம் எல்லோரும் பார்த்தோம். எரியும் சூடுள்ள புகைக்குழாயில் ஒட்டியபடி எரிபொருள் குழாய் ஒன்றை இனியும் வைத்திருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. துளைகளை ஒட்டி, பட்டி பூசி, சமப்படுத்திப் பெயின்ற் அடியுங்கள்.

மல்லாவிப் பட்டறை:

நான் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். மேலே எழுதியவரின் கணக்குகள் சரி. ஆனால் கண்காட்சிக்குப் போகும் காரையும் சந்தைக்குப் போகும் காரையும் அவர் ஒன்றாக எண்ணுகிறார். தம்பி, அந்த இயந்திரத்துக்கு வால்வோ, பிஸ்ரன் வளையமோ தேவைப்பட்டால் பிரித்தானியாவிலிருந்து வரவழைக்க வேண்டும்; காசும் காலமும் போகும். ரொயோட்டாவின் பழைய கே வகை இயந்திரம் ஒன்றைக் கியர்பொக்ஸோடு வாங்கி இறக்கினால், உதிரிப்பாகங்களை வவுனியாவிலேயே வாங்கிக்கொள்ளலாம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில் திறக்கப்படும் வரை எத்தனை பழைய கார்கள் இப்படி உயிர் பெற்று ஓடின என்பது எனக்குத் தெரியும். வெளித்தோற்றம் ஒஸ்ரினாகவே இருக்கட்டும். பொனற்றைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

இன்னொன்று. அந்தக் காலத்து இயந்திரங்கள் ஈயம் கலந்த பெற்றோலில் ஓடப் பழகியவை. இன்று ஈயம் இல்லை. வார்ப்பிரும்புத் தலையில் புகை வால்வு இருந்த இடமே மெல்ல மெல்ல உள்ளே தேய்ந்து போகும். வால்வு அமரும் இடத்தில் கடினமான வளையம் இறுக்காமல் நெடுந்தூரம் ஓடினால் வால்வு இடைவெளி அடைபட்டு, ஒருநாள் சிலிண்டர் ஒன்று வேலை செய்யாமல் நிற்கும்.

மைனர் ஆயிரம் (வவுனியா):

வளையம் இறுக்க வேண்டும் என்பதில் நானும் உடன்படுகிறேன்; என் மொறிஸ் மைனர் காரின் 1,098 இயந்திரத்துக்கு அதைச் செய்தேன். ஆனால் ஒருவர் கே இயந்திரம் இறக்கு என்று சொல்லும்போது பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ40இன் நான்கு சில்லுகளிலும் உருளைப் பிரேக். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்கேனும் ஒரு ரப்பர் வாசர் கசிந்தால் நான்கும் ஒரே நேரத்தில் போய்விடும். நாற்பது சொச்சம் குதிரைவலுவுக்கு அது போதும் என்று கட்டிய காரை, கூடிய வலுவோடு, யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் பேருந்துகளுக்கு இடையில் விடச் சொல்வது பொறுப்பான ஆலோசனை ஆகாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள இயந்திர இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியவும் வேண்டும். இடம்பெயர்வில் புத்தகத்தையே தொலைத்தவர்களுக்கு அது எத்தகைய அலைச்சல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நந்திக்கடற்கரையான் (புதுக்குடியிருப்பு):

தொழிற்சாலையிலிருந்து வந்தபடி என்ற சொல்லை நான் கொஞ்சம் தட்டிப் பார்க்க விரும்புகிறேன். அந்தக் கார் பேர்மிங்ஹாமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் சில நாட்கள் நின்றிருக்கும். வன்னியில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. இதில் எது அதன் உண்மையான நிலை என்று முடிவு செய்ய நமக்கு யார் அதிகாரம் தந்தது? இங்கிலாந்தில் மெருகேற்றிய சோமசெற் கார்களைப் பார்க்க விரும்புபவர் அங்கே பார்க்கலாம். மண்ணெண்ணெய்த் திறப்புள்ள சோமசெற்றை அங்கே காண முடியாது.

அந்த ஏற்பாடு வெறும் அவசரத் தையலும் இல்லை. சின்னப் பிள்ளையாக நான் அப்படியான கார்களில் போயிருக்கிறேன். சாரதி சிறிய தாங்கியிலுள்ள பெற்றோலில் இயந்திரத்தை எழுப்புவார். றேடியேற்றரின் முன்னால் சாக்கு ஒன்றைக் கட்டி, சூடு ஏறும் வரை காத்திருப்பார். பிறகு பித்தளைத் திறப்பை முறுக்கினால் மண்ணெண்ணெய் வரும். அந்தச் செப்புச் சுருள் மண்ணெண்ணெயைச் சூடாக்கி, ஆவியாவதற்கு ஆயத்தமாக்கியது. போய்ச் சேருவதற்கு அரைக் கட்டை (மைல்) தூரம் இருக்கும்போது மறுபடியும் பெற்றோலுக்குத் திருப்புவார். அப்போதுதான் காபரேற்றரின் கிண்ணத்தில் பெற்றோல் நிற்கும், அடுத்த முறை எழும்பும். பேச்சுச் சுவாரசியத்தில் அதை மறந்த நாட்களில் பொம்பிளை மாப்பிள்ளை உட்பட எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பட்டுச்சேலையில் அடித்த மண்ணெண்ணெய் மணம் மூன்று தோய்ச்சலுக்கும் போகாது.

இவ்வளவு கணக்கையும் ஒருவர் எந்தப் புத்தகமும் இல்லாமல் போட்டிருக்கிறார். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இலண்டனிலிருந்து புதுச் சின்னம் வரவழைத்து ஒட்டுவதை மீளமைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மைனர் ஆயிரம் (வவுனியா):

உணர்வை மதிக்கிறேன், ஆனால் உணர்வு சாவி போட்டால் கார் எழும்பாது. மரபை அறியாமல் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். என் மைனருக்குப் புதுப் பற்றரி வாங்கிய கடையில் ஒரு பையன், இன்றைய வழக்கப்படி எதிர்முனையை உடலில் பூட்டிவிட்டான். டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் தொடுமுனைகள் கருகின. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கிழமை சென்றது. முதல் வடிவம் என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மல்லாவிப் பட்டறை:

நந்திக்கடற்கரையான் அவர்களிடம் ஒரு கேள்வி. அந்தத் தகப்பனார் தன் காரைத் தன் தேவைக்கேற்ப மாற்றியவர்தானே? 1992இல் அவருக்கு ஒரு ரொயோட்டா இயந்திரமும் அதற்கு எரிபொருளும் கிடைத்திருந்தால் இறக்கியிருக்க மாட்டாரா? அவர் செய்ததைப் பொக்கிஷம் என்றும், அதையே இன்று மகன் செய்தால் அழிப்பு என்றும் எப்படிச் சொல்வீர்கள்? அவரின் வழியைப் பின்பற்றுவது என்றால், கையில் கிடைப்பதை வைத்து ஓட வைப்பதுதான்.

நந்திக்கடற்கரையான் (புதுக்குடியிருப்பு):

நல்ல கேள்வி. எனக்கு உடனடியாகப் பதில் இல்லை.

ஏ35 வீதிக்காரன் (கிளிநொச்சி):

அதற்கு என்னிடம் பாதிப் பதில் இருக்கிறது. 2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகு, அப்பா பெற்றோலில்தான் ஓட்டினார். இரண்டாவது பாக்கிங்கை எடுத்துவிடும்படி மெக்கானிக் ஒருவர் சொன்னபோது, "இருக்கட்டும், திரும்பத் தேவைப்படும்" என்றார். பலர் சிரித்தார்கள். 2006இல் பாதை மறுபடியும் மூடப்பட்டபோது எவரும் சிரிக்கவில்லை. ஆகவே அது அவருக்கு நினைவுச் சின்னமும் அல்ல, அழகும் அல்ல, ஆயத்தம். கிடைத்ததையெல்லாம் மாற்றிக்கொண்டே போனவர் என்றும் அவரைச் சொல்ல முடியாது.

நேற்றுப் பித்தளைத் திறப்பை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கினேன். கைப்பிடியின் ஒரு பக்கத்தில் "ம" என்றும் மறுபக்கத்தில் "பெ" என்றும் ஆணியால் கீறியிருக்கிறது. "பெ" ஏறக்குறைய அழிந்துவிட்டது. "ம" ஆழமாக இருக்கிறது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முதல் இயந்திரமே இருக்கும். வால்வுக்கு வளையம் இறுக்கி, ஒரே பாக்கிங்கோடு பூட்டுவேன். புகைக்குழாயிலுள்ள செப்புச் சுருளைக் கழற்றி வைப்பேன். தீ விடயத்தில் வவுனியா அண்ணை சொன்னது சரி. திறப்பும் சிறிய தாங்கியும் இருந்த இடத்திலேயே இருக்கும். துளைகளைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "அடைச்சாலும் எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னா. அதை எந்தப் பக்கம் எடுப்பது என்று இன்னும் விளங்கவில்லை.

மைனர் ஆயிரம் (வவுனியா):

தாங்கியையும் திறப்பையும் வைப்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் வைப்பதானால் குழாயின் இரண்டு முனைகளையும் பித்தளை மூடியால் அடையுங்கள். ரப்பர் அடைப்பு பெற்றோலில் ஊறிக் கழன்றுவிடும்.

மல்லாவிப் பட்டறை:

துளைகளுக்கு இன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை. விளிம்புத் துருவை மட்டும் அரத்தால் எடுத்து, நாகம் (சிங்க்) கலந்த பிறைமர் பூசுங்கள். மழைநீர் போகாமல் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய தகட்டைத் திருகாணியால் பூட்டினால், வெளியிலிருந்து துளை துளையாகவே தெரியும். பின்னர் அடைக்க மனம் வந்தால் தகட்டைக் கழற்றிவிட்டு ஒட்டலாம். மாரி மழையில் தகரக் கொட்டில் ஒழுகும், ஆகவே ஐப்பசிக்கு முன் இதை முடியுங்கள். பிரேக் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் கழற்றிச் சனிக்கிழமை கொண்டு வாருங்கள். உள்ளே துரு குழி விழுந்திருந்தால் கடைந்து பித்தளைக் குழல் இறுக்கித் தருகிறேன். மாஸ்ரர் சிலிண்டரையும் மறக்க வேண்டாம். ரொயோட்டா இயந்திரம் பற்றி அன்று உங்களோடு ஒருமுறை சண்டை பிடிப்பேன்.