மணலில் எதிர்ப்பட்டவர்கள்: காட்டுப்பள்ளி, எண்ணூர், பழவேற்காடு பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களின் அனுபவங்கள்

திருவொற்றியூரிலிருந்து:

மணலில் வண்டி ஓட்டப் போனபோது யாரைச் சந்தித்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிறு விடியற்காலை மீஞ்சூர் வழியாகக் காட்டுப்பள்ளிக்குப் போனேன். வண்டி எக்ஸ்பல்ஸ், கரடுமுரடான பாதைக்கான பைக். மணல் தொடங்கும் இடத்தில் டயர் காற்றழுத்தத்தை 20 psi-க்கு இறக்கிவிட்டு, ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி ஓட்டினேன். மணலில் வேகம் குறைந்தால் முன்சக்கரம் புதையும். அதனால் ஆக்சிலரேட்டரை விடவே மனசு வராது. தூரத்தில் ஒரு பெரியவர் துண்டை வீசிக்கொண்டு ஓடி வந்தார். ஏதோ உதவி கேட்கிறார் என்று நினைத்துத்தான் நிறுத்தினேன். எனக்கு முன்னால் இரண்டு முழம் தள்ளி, முட்டி உயரத்தில், கட்டை விரல் கனத்தில் கயிறு. மணல் நிறத்திலேயே இருந்ததால் நிறுத்திய பிறகும் சட்டென்று கண்ணில் படவில்லை.

"இன்னா நைனா, கயிறு தெரியலையா? இருபது பேரு பாடு அதுல இருக்கு" என்றார்.

கரைவலைக்கு இரண்டு கயிறு. ஒன்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டுப் படகு கடலுக்குள் போய், வலையை வளைத்துப் போட்டு, மறு கயிற்றோடு சற்றுத் தள்ளிக் கரையேறும். அப்புறம் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். ஆகவே ஒரு கூட்டம் இழுப்பதைப் பார்த்தால் இன்னொரு கயிறும் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். இதைத் தெரியாமல்தான் நான் இரண்டு வருடமாக அங்கே ஓட்டியிருக்கிறேன்.

வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். சும்மா நிற்க முடியாமல் நானும் கயிற்றைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்திலேயே உள்ளங்கை சிவந்துவிட்டது. வலையின் பை போன்ற மடியில் நெத்திலியும் காரப்பொடியும் வந்தன, கூடவே நிறைய சொறி (ஜெல்லிமீன்). புறப்படும்போது அந்தப் பெரியவரே வழியும் காட்டினார்: "அந்தா, டிராக்டர் தடம் இருக்குல்ல, அதுலயே போ. மேட்டுல ராவணன் மீசை மேல ஏத்தாத." மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்த முள்புல்லும் அடப்பங்கொடியும்தான். ஒரு முறை சக்கரம் ஏறி வேர் அறுந்தால், அந்த இடத்திலிருந்து காற்று மணலை அள்ள ஆரம்பித்துவிடும்.

எண்ணூர் காட்டுக்குப்பத்திலிருந்து:

அண்ணா, நான் மீனவர் வீட்டுப் பிள்ளை. வண்டியும் ஓட்டுகிறேன். அதனால் இரண்டு பக்கமும் எனக்கு வலிக்கும்.

கொசஸ்தலையாற்றில் தண்ணீர் வற்றும் நேரத்தில் இருளர் பெண்கள் சேற்றில் அமர்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்பார்கள். பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் வேண்டுமே. ஒரு நாள் என்னோடு வந்தவர்களில் இரண்டு பேர், பார்க்க நன்றாக இருக்கிறது என்று அந்தச் சேற்றில் வண்டியை இறக்கிச் சுற்றினார்கள். ஓர் அக்கா நிமிர்ந்து, வாயிலிருந்து பறியை எடுத்துவிட்டு, "இந்தச் சேத்துலதான்பா தேடுறோம்" என்றார். திரும்பப் பறியைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் நகர்ந்துவிட்டார். சக்கரம் போன இடத்தில் சேறு இறுகிக் கிடந்தது, தண்ணீரும் கலங்கிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்த ஆறு இது. அதற்குப் பிறகும் அவர்களுக்கு வேறு இடம் கிடையாது.

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் இறங்க மாட்டார். வண்டியோடு போகிற நாமும் அங்கே கடைசியாக வந்து வரிசையில் நிற்பவர்கள்தான் என்பது என் எண்ணம். இப்போது நாங்கள் போவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிடுகிறோம். இரண்டு முறை வேண்டாம் என்றார்கள், திரும்பிவிட்டோம். மற்ற நாட்களில் ஐந்து வண்டிக்கு மேல் கிடையாது. சைலன்சரை மாற்றிய வண்டியைச் சேர்ப்பதே இல்லை, அந்தச் சத்தத்துக்கு ஆடு மாடு மிரண்டு ஓடுகிறது.

மீஞ்சூரிலிருந்து:

தை தொடங்கியே பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் கூட இருக்கும், பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். இதெல்லாம் தெரிந்தும், நாங்கள் நாலு பேர் ஒரு மார்ச் மாதம் தண்ணீர் ஓரமாக ஓட்டினோம். பகல்தானே, ஆமை வராதே என்று ஒரு கணக்கு.

மறுநாள் விடியும்போது அதே இடத்துக்குப் போனோம். முந்தின நாள் எங்கள் டயர் அழுத்திய பள்ளத்துக்குள் குஞ்சுகள். கடல் பத்தடியில் இருக்கிறது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத உடம்பு, அந்தச் சின்ன விளிம்பில் ஏறச் சறுக்கி, தடத்தோடு நீளவாக்கில் போய்க்கொண்டே இருந்தன. மேலே காகங்கள். குஞ்சுகளைத் தொடாமல், பள்ளத்தின் கடல் பக்க விளிம்பைக் கையால் தட்டிச் சரித்துவிட்டோம். ஒவ்வொன்றாக ஏறித் தண்ணீருக்குப் போயின. பதினேழு எண்ணினேன். நாங்கள் போவதற்கு முன் எத்தனை இருந்திருக்கும் என்று தெரியாது. அந்த மாதங்களில் நான் இப்போது மணலில் வண்டியை இறக்குவதில்லை.