தாடைக்கடியில் உமிழ்நீர்ச் சுரப்பிக் கல்: சேலத்தில் யாராவது சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் சேலம் அம்மாப்பேட்டை. அம்மாவுக்குத் தட்டுவடை செட் வாயில் வைத்ததுமே வலது தாடைக்கடியில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி, கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடுகிறது. ஸ்கேனில், தாடையடிச் சுரப்பியின் குழாயில் கல் என்று வந்திருக்கிறது. அந்தக் குழாய் சுமார் 5 செ.மீ. நீளம், கீழிருந்து மேலேறி நாக்கடியில் திறக்கிறது. அங்கே சுரக்கும் உமிழ்நீரும் கெட்டி. அதனால்தான் உமிழ்நீர்க் கற்களில் பெரும்பாலானவை இந்தச் சுரப்பியிலேயே வருகின்றன.

சுரப்பியையே எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். கீழுதட்டை அசைக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. குழாய் வழியாகச் சின்னக் கேமரா விட்டுக் கல்லை மட்டும் எடுப்பதைச் சேலத்தில் எங்கே செய்கிறார்கள்? இல்லை, கோவைக்குத்தான் போக வேண்டுமா? செய்துகொண்டவர்கள் இருந்தால், அப்புறம் வீக்கம் திரும்ப வந்ததா என்றும் சொல்லுங்கள்.